வலையோரத்துக் கை

தேவிப்ரியாவின் கை அவள் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பேச்சு ஊர் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் புரியும். ஒருத்தி அவள், இன்னொருத்தி ஆலியா. பத்து வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை நாமக்கல்லில், ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், முதல் செட் முடிவதற்குள் ஆட்டம் கண்டுவிட்டது.

இரட்டையர் டென்னிஸைப் பக்கத்திலிருந்து பார்த்திராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருத்தி பின்கோட்டில் நின்று சர்வீஸ் போடுவாள். அவள் கூட்டாளி முன்னால், வலையை ஒட்டி, எதிரிகளைப் பார்த்தபடி நிற்பாள். பந்து கிளம்புவதற்கு முன்னால் வலையோரம் நிற்பவள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களால் சேதி சொல்லுவாள். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்பது ஒரு சேதி. பந்து திரும்பி வரும்போது குறுக்கே பாய்ந்து மறிக்கப்போகிறேன் என்பது இன்னொன்று. பாய்வதுபோல ஓரடி எடுத்துவைத்து நின்றுவிடுவேன் என்பது மூன்றாவது. எதிரிகளுக்கு அந்தக் கை தெரியாது, உடம்பு மறைத்துவிடும். பின்னால் நிற்கிற கூட்டாளி மட்டும் பார்த்துக்கொண்டு, முன்னவள் விட்டுப்போகிற காலியிடத்தைக் காக்க ஓடுவாள்.

மற்ற ஜோடிகள் மூடிய முட்டி, விரித்த கை என்று எல்லாருக்கும் தெரிந்த சைகைகளை வைத்திருப்பார்கள். தேவியின் சைகைகள் நாமக்கல் பக்கத்துப் புதன்சந்தை மாட்டுச் சந்தையிலிருந்து வந்தவை. அவளுடைய அப்பா அர்த்தநாரி மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கமில்லை. இரண்டு பேர் கைகோத்து மேலே துண்டைப் போட்டுக்கொண்டால், துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். சுண்டுவிரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து, மடக்கிய ஆள்காட்டி விரல் என்றால் அரை. சின்ன வயதில் சந்தைக்குக் கூடப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, அப்பா தன் பச்சைத் துண்டை அவள் கைமேல் போட்டு விலை கேட்டு விளையாடுவார். அவள் டென்னிஸுக்குக் கொண்டுவந்த கணக்கில் சுண்டுவிரல் நின்றுகொள்வதற்கு, ஐந்து விரலும் பாய்வதற்கு, அந்த அரை விரல் பொய்ப் பாய்ச்சலுக்கு. ஆலியா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். துனிசியாவிலும் தாய்லாந்திலும் எத்தனையோ ஜோடிகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டும் அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

தேவி டென்னிஸுக்கு வந்ததே இரண்டாவது ஆளாகத்தான். நாமக்கல்லில் ஒரு பெரிய உறைவிடப் பள்ளியில் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் மகள் படித்தாள். அவளுக்கு டென்னிஸ் ஆசை, பள்ளியில் நல்ல கோர்ட்டும் இருந்தது. எதிரே நின்று பந்தைத் திருப்பியடிக்கத்தான் ஆளில்லை, மற்ற பிள்ளைகள் விடிந்ததிலிருந்து படிப்பறையில் இருந்தார்கள். அரசுப் பள்ளியில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த தேவியை ஓடக்கூடிய பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டுபோனார்கள். மூன்று வருஷம் எதிரே நின்றாள், போட்டி என்று வந்தால் பக்கத்தில் நின்றாள். பண்ணைக்காரர் மகள் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டாள். ரேக்கட் தேவியிடம் தங்கிவிட்டது.

ஒற்றையர் ஆட்டத்தில் அவள் பெரிதாக வரவில்லை. உயரம் பற்றாது, சர்வீஸில் வேகமும் கிடையாது. ஆனால் வலையோரம் விட்டால் அவளை யாரும் தாண்ட முடியாது. காரணம் காலோ கையோ அல்ல, அவளுடைய ஆவல்தான். எதிரே நிற்பவள் அடுத்த பந்தை எங்கே அடிப்பாள், ஏன் அங்கே அடிப்பாள் என்று அவள் மனசு அரித்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போதுகூட, நாலாவது கேமில் அந்தப் பந்தை எதற்காக மேலே தூக்கினாய் என்று தோற்றவளிடம் விசாரிப்பாள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். சிலர் திட்டுவார்கள்.

ஆலியா வந்துசேர்ந்தது பெங்களூரில், ஒரு போட்டியில். சேலம் கடைவீதியில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கிற நசுருல்லாவின் மகள் அவள். இடது கை ஆட்டக்காரி, தேவிக்கு நாலு வயது சின்னவள். அன்றைக்கு இருவருடைய கூட்டாளிகளும் வராமல் போய்விட்டார்கள். இரட்டையருக்குப் பெயர் பதிகிற மேஜையை மூடப்போகிற நேரத்தில், தனியாக நின்ற இன்னொரு பெண் போனில் யாரையோ தமிழில் வைதுகொண்டிருந்தது தேவியின் காதில் விழுந்தது. அப்படி ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள். பரிசு எதுவானாலும் பாதிப் பாதி. ஒரே அறை, ஒரே ரைஸ் குக்கர். நோன்பு மாதத்தில் போட்டி வந்தால், பொழுது சாயும் நேரத்துக்குப் பேரீச்சம்பழம் தேவியின் பையில் தயாராக இருக்கும். ஒற்றையரில் தோற்றவர்கள் கூட்டாளியை நட்டாற்றில் விட்டுவிட்டு விமானம் ஏறுகிற அந்த உலகத்தில், இத்தனை காலம் பிரியாத ஜோடி என்று இவர்களைக் காட்டிச் சொல்லுவார்கள்.

அர்த்தநாரிக்கு மட்டும் இது விளங்கவே இல்லை. மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பார்.

"ஏஞ் சாமி, நீ ஒருத்தியா வெளையாண்டு செயிக்கக் கூடாதா? ரெண்டு பேரு சேந்து ஒரு மாட்டப் புடிச்சுட்டுப் போனா, மாடு ஆருதுன்னுதான சனம் கேக்கும்?"

"ரெண்டு பேருதுமுன்னு சொல்லுங்கப்பா" என்பாள் தேவி. அவர் தலையை ஆட்டிக்கொள்வார். மகள் ஆடி ஒரு தடவைகூட அவர் நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாளில் அவருக்குச் சந்தை ஒழியவில்லை, அதற்கப்புறம் அவள் ஆடியது பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம்.

அப்படியிருக்கையில்தான், தேவி முன்பு எதிரே நின்று பந்து பொறுக்கிய அதே பள்ளி மைதானத்தில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி ஒன்று வந்தது. செலவைப் பெரும்பாலும் முட்டை வியாபாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். வந்து இறங்கிய ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் மாலையோடு ஓர் அட்டை முட்டையும் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பெண்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அந்த வாரம்தான் நீனா ஆலியாவிடம் கேட்டாள். நீனா ஸ்லோவேனியாக்காரி, நெட்டையான பெண், கண்ணில் எதுவும் தப்பாது. அவளுடைய கூட்டாளியான ஜப்பான் பெண்ணுக்கு மணிக்கட்டில் வலி, இந்தப் போட்டியோடு ஊர் திரும்புகிறாள். ஐரோப்பாவில் கோடைப் போட்டிகள் தொடங்கப்போகின்றன, இடது கைக்காரி ஒருத்தி இருந்தால் நன்றாக இருக்கும், வருகிறாயா என்று கேட்டிருக்கிறாள். அதை ஆலியா ஒளிக்கவில்லை. அன்று சாயங்காலமே, குக்கரில் முட்டைகளை அடுக்கியபடி சொல்லிவிட்டாள்.

"இந்த வாரம் முடியட்டும், சொல்றேன்னு சொல்லியிருக்கேன் தேவிக்கா."

"உன்ற இஷ்டம்" என்றாள் தேவி.

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு முட்டையைப் பற்றியும் பந்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டார்களே தவிர, அதைப் பற்றிப் பேசவில்லை. தேவிக்கு முப்பத்திரண்டு வயது. ஆலியா போய்விட்டால் மறுபடி அந்தப் பெயர் பதிகிற மேஜைக்குப் பக்கத்தில் போய், யாராவது தனியாக வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே நிற்கிறவர்களெல்லாம் இப்போது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். இன்னொரு பெங்களூர் அவளுக்கு அமையும் என்று அவள் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரையிறுதியில் எதிரே வந்தவர்கள் நீனாவும் அந்த ஜப்பான் பெண்ணும்.

கோர்ட்டின் ஒரு முனையில் தகரக் கூரை போட்ட கேலரி, மறு முனையில் பள்ளியின் சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை இருந்தது. சம்மட்டிச் சத்தம் நின்று நின்று கேட்கும். கேலரிப் பக்கமிருந்து சர்வீஸ் போட்டால் இடது கைக்காரிக்குக் கண்ணில் வெயில் விழாது, சுவர்ப் பக்கமிருந்து போட்டால் வலது கைக்காரிக்கு விழாது. அதனால் ஆலியா கேலரிப் பக்கமும் தேவி சுவர்ப் பக்கமும் எடுத்துக்கொண்டார்கள். இரட்டையரில் ஒருத்தி முதலில் எந்தப் பக்கமிருந்து சர்வீஸ் போட்டாளோ, அந்தச் செட் முழுக்க அதே பக்கமிருந்துதான் போடும்படி ஆட்டம் சுற்றிவரும்.

முதல் கேம்கள் சுலபமாகப் போயின. அதற்கப்புறம்தான் ஏதோ கெட்டது. ஆலியா சர்வீஸ் போட, தேவி வலையோரம் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுப் பாய்ந்தால், நீனா அவள் விட்டுவந்த இடத்தில் பந்தை வைக்கிறாள். சுண்டுவிரலைக் காட்டிவிட்டு நின்றால் பந்து எட்டாத தூரத்தில் குறுக்கே போகிறது. ஒரு தடவை என்றால் தற்செயல். தொடர்ந்து நடந்தது. தேவி காலை இன்னும் தாமதமாக எடுத்துப் பார்த்தாள், தோளை அசைக்காமல் பார்த்தாள். பயனில்லை. அவள் எடுத்துவைக்கப்போகிற அடியை அவளுக்கு முன்பே யாரோ எடுத்துச் சொல்வதுபோல் இருந்தது. ஆனால் சுவர்ப் பக்கம் தேவி சர்வீஸ் போட்டு, ஆலியா வலையோரம் கை காட்டும்போது மட்டும் நீனா தடுமாறினாள்.

தேவி கூட்டிக் கழித்துப் பார்த்தாள். என் கையை எதிரிகள் பார்க்க முடியாது. பார்க்கிறவள் எனக்குப் பின்னால் நிற்கிற ஆலியா ஒருத்திதான். சேதி எதிரே போகிறதென்றால் ஆலியாவின் வழியாகத்தான் போக வேண்டும். கண்ணாலோ நிற்கிற நிலையாலோ, தெரிந்தோ தெரியாமலோ.

தெரிந்தா, தெரியாமலா என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்த ஆட்டத்தில் தோற்றுப்போனால், பிரிந்துபோகிறேன் என்று சொல்வது ஆலியாவுக்கு எவ்வளவோ லேசாக இருக்கும் என்ற நினைப்பு அவளைக் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் செட் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது தேவி ஆலியாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"இந்த செட்டுல நான் கேலரிப் பக்கம் போடறேன். நீ செவுத்துப் பக்கம் போடு."

"வெயில் நேரா கண்ணுல அடிக்குமே. ரெண்டு பேருக்குமே நட்டம்."

"அடிக்கட்டும். ஒண்ணு பாக்கோனும்."

"என்ன பாக்கணும்?"

"பொறவு சொல்றேன்."

ஆலியா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

தேவியின் கணக்கு இதுதான். ஆலியா வழியாகத்தான் சேதி போகிறது என்றால், நான் கேலரிப் பக்கம் பின்னால் நின்று அவள் முன்னால் கை காட்டும்போது போகக் கூடாது. போனால் கோளாறு ஆளில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஒரு செட்டையே பணயம் வைக்கிற சோதனை இது. தெரிந்துகொள்ளாமல் இன்னொரு பந்தைக்கூட அடிக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சர்வீஸ் போட்டாள். முன்னால் ஆலியாவின் கையில் ஐந்து விரலும் விரிந்தன. ஆலியா பாய்ந்தாள். நீனா அலட்டிக்கொள்ளாமல் ஆலியா விட்டுவந்த ஓரத்தில் பந்தைத் தட்டிவிட்டாள். அடுத்த பந்திலும் அப்படியே.

பாயிண்ட் போன வருத்தத்தை மீறித் தேவிக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஆலியா இல்லை. அடுத்த நொடியே வேறொரு நினைப்பு வந்தது. அதே கணக்குப்படி பார்த்தால், இப்போது பின்னால் நின்று கையைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதானே, அப்படியானால் காட்டிக்கொடுப்பது நானா? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, பந்தைத் தவிர எதையும் பார்க்காமல் ஒரு சர்வீஸ் போட்டாள். அப்போதும் நீனாவுக்குத் தெரிந்திருந்தது. ஆக, மூன்றாவதாக ஒரு ஜோடிக் கண் இந்தக் கையைப் பார்க்கிறது.

முகம் துடைக்கிற துண்டு பின்வேலியில் தொங்கியது. அதை எடுக்கப் போகிறவள்போலத் தேவி திரும்பி நடந்தாள். கேலரியில் நாலைந்து பேருக்கு மேல் இல்லை. நடுவரிசையில், தனியாக, வெள்ளைச் சட்டையில், தலைமேல் பச்சைத் துண்டோடு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா.

காலையில் போனில் கேட்டபோது வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. முதல் செட் பாதியில் வந்திருக்க வேண்டும்.

தேவி ஆலியாவுக்குச் சைகை காட்டச் சொல்லித் தலையசைத்துவிட்டு, முகத்தைத் துடைத்தபடியே அப்பாவைக் கவனித்தாள். வலையோரத்தில் ஆலியாவின் கை பின்னால் வந்து விரிவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அர்த்தநாரி அதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் தலை, பச்சைத் துண்டோடு, ஆலியா பாயப்போகிற பக்கமாகத் திரும்பி, அங்கே நின்று காத்துக்கொண்டிருந்தது.

தேவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சந்தையில் தரகர் கையையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். விரல் சேதி சொன்னதும் கண் மாட்டுக்குப் போய்விடும். நாற்பது வருஷப் பழக்கம். ஐந்து என்றால் பிள்ளை குறுக்கே ஓடும், ஒன்று என்றால் நிற்கும் என்பதை அவர் ஓரிரண்டு கேமிலேயே பிடித்திருப்பார். அதன் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பச்சைத் துண்டு வலை தாண்டி நிற்கிற இரண்டு பேருக்கும் வழி காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சுவர்ப் பக்கம் காட்டுகிற கை அவருக்குத் தெரியாது, அதனால் அங்கே துண்டு பேசவில்லை.

பக்கம் மாறும் இடைவேளையில் தேவி அதைச் சொன்னாள். ஆலியா முதலில் நம்பவில்லை. அடுத்து, தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப என்னை அந்தப் பக்கம் போடச் சொன்னது... நான் காட்டிக்கொடுக்கிறேனான்னு பாக்கறதுக்கா?"

பொய் சொல்லத் தேவிக்கு நேரமில்லை, மனசும் இல்லை.

"ஆமா" என்றாள்.

ஆலியா பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள். நேரமாகிவிட்டது என்று அம்பயர் கூப்பிட்டார். அப்பாவை எழுந்து வேறு பக்கம் போய் உட்காரச் சொல்லிவிடலாமா என்று தேவி கேட்டாள்.

"வேண்டாம். இத்தனை வருசங்கழிச்சு வந்திருக்காரு. உக்காந்து பாக்கட்டும்" என்றாள் ஆலியா, இவள் முகத்தைப் பார்க்காமலே. "கணக்க மாத்திக்க. அஞ்சுன்னா நிக்கிறது, சுண்டுவெரலுன்னா பாயிறது. அவரு பாட்டுக்கு வேலை செய்யட்டும்."

அதற்கப்புறம் கேலரிப் பக்கத்தில் கதை திரும்பியது. ஆலியா ஐந்து விரலைக் காட்டுவாள், பச்சைத் துண்டு குறுக்கே திரும்பும், ஆலியா அசையாமல் நிற்பாள். காலியாக இருக்கும் என்று நம்பி நீனா ஓரத்தில் அடிக்கிற பந்து நேராக ஆலியாவின் ரேக்கட்டில் வந்து விழும். ஆலியா அந்தப் பந்துகளை அடித்த அடி தேவிக்குப் பழக்கமில்லாதது. கோபம் யார் மேல் என்று தேவிக்குத் தெரியும். பாயிண்ட் ஜெயித்தால் வழக்கமாகக் கையோடு கை தட்டிக்கொள்வார்கள். ஆலியா தட்டினாள், விரல் படாமல்.

அர்த்தநாரியின் பாடுதான் பரிதாபம். கை ஒன்று சொல்கிறது, பிள்ளைகள் வேறொன்று செய்கிறார்கள். முதலில் துண்டைச் சரிசெய்துகொண்டு கூர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். இரண்டாவது செட்டின் கடைசி கேமில் தேவி பந்தெடுக்கத் திரும்பியபோது அவர் எழுந்து நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் செட்டை ஜெயித்ததில் அவளுக்குச் சந்தோஷம் முழுசாக இல்லை.

மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, பத்துப் பாயிண்ட் முதலில் எடுப்பவர் ஜெயிக்கிற டைபிரேக். பழைய கணக்குக்கே திரும்பிவிடலாமா என்று தேவி கேட்டாள், ஆலியா தலையசைத்தாள். இப்போது கையைப் பார்க்க மூன்றாவது ஆளில்லை. ஒரு பாயிண்ட் இவர்களுக்கு, ஒரு பாயிண்ட் அவர்களுக்கு என்று கடைசிவரை ஏறியது. எட்டுக்கு ஒன்பது என்று இவர்கள் பின்தங்கியிருந்தபோது தேவி அந்த அரை விரலைக் காட்டினாள். பொய்யாக ஓரடி பாய்ந்து நின்றாள். நீனா ஏமாறவில்லை. இரண்டு பேர் தலைக்கும் மேலே பந்தை மெதுவாகத் தூக்கிப் பின்கோட்டின் மேலேயே போட்டாள். ஆலியா ஓடிப்போய் எட்டி அடிக்கப் பார்த்தாள், கிடைக்கவில்லை. யாரும் காட்டிக்கொடுக்காத பந்து அது. நீனா நன்றாக ஆடினாள், அவ்வளவுதான்.

கை கொடுக்கும்போது, எங்கள் சைகையை எதைப் பார்த்துக் கண்டுபிடித்தாய் என்று தேவியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீனா சிரித்துக்கொண்டே, பச்சைத் துணி கட்டிய அந்த மனிதர் எங்கே போனார், முதல் செட்டில் எங்களுக்கு அவர்தான் பயிற்சியாளர் என்றாள். பிறகு ஆலியாவின் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். சாயங்காலம் சொல்கிறேன் என்றாள் ஆலியா.

இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பள்ளி வாசலுக்கு எதிரே, பட்டறையை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. மகளைப் பார்த்ததும் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று கேட்கவில்லை.

"ஏஞ் சாமி, கை ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு பண்றீங்க. காட்டுன கைய மாத்துனா நம்ம சந்தையில மறுக்கா எவனாச்சும் துண்டுக்குள்ள கை குடுப்பானா? எனக்கு ஒக்கார முடியலீங்க சாமி."

தேவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பட்டறையில் தகடு அடிக்கிற சத்தம் நின்றபோது நிமிர்ந்தார்.

"அப்ப நாந்தான் வெலயச் சொல்லிப்புட்டனா?"

"தெரியாமத்தானுங்கப்பா."

"அது செரி" என்று ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அந்த நெட்டப் புள்ள அத்தாந் தூரத்துல நின்னுட்டு எம்பட தலையப் பாத்தா கண்டுபுடிச்சா?"

"ஆமாங்கப்பா."

"அவளச் சந்தைக்குக் கூட்டியா சாமி. ஒரு நாளைக்கு எங்கூட நிக்கட்டும்."

ஆலியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேவி சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன், எதற்கு என்று ஊரையெல்லாம் விசாரிக்கிறவளுக்கு, போகிறாயா என்ற இந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. கடைசியில் ஆலியாதான் பேசினாள்.

"எனக்குக் கோவம்தான் தேவிக்கா. இல்லைன்னு சொல்லல."

"தெரியுது."

"மத்தவளா இருந்தா எம்மேல சந்தேகத்தோடவே ரூமக் காலி பண்ணிட்டுப் போயிருப்பா. நீ வெயில்ல நின்னு சோதிச்சுப் பாத்த. அது வரைக்கும் செரி." பையை இறக்கி வைத்தாள். "அடுத்த தடவை சோதிக்காத. வாயத் தொறந்து கேளு."

அடுத்த தடவை என்ற சொல்லைத் தேவி பிடித்துக்கொண்டாள். பிடித்ததை நம்பப் பயமாக இருந்தது.

ஆலியா அர்த்தநாரியின் முன்னால் கையை நீட்டினாள். "அப்பா, துண்டக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு அம்மிணி?"

"ஒரு வெல பேசணும்."

அவர் தோளிலிருந்து பச்சைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். ஆலியா தேவியின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு கைகளுக்கும் மேலே துண்டைப் போட்டாள். துண்டுக்கு அடியில் அவள் விரல்கள் தேவியின் கையை முழுசாகப் பற்றின. ஐந்து.

ஐந்து என்றால் பழைய கணக்கில் பாய்ந்து போகிறேன் என்று அர்த்தம். காலையில் மாற்றிய கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்று அர்த்தம். தேவி அந்தக் கையை விடாமல், இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டாள்.

"எந்தக் கணக்கு?"

"காலையில மாத்துனது."

அர்த்தநாரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டுக்கு அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் வெளியே நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"என்ன வெலைக்கு முடிஞ்சுது?" என்று கேட்டார்.

இரண்டு பேருமே சொல்லவில்லை.